ஒன்பதாவது இலக்கம்

எங்களோடு அந்த வருடங்களில் இங்கே வந்திறங்கிய பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது முழங்கால் நோகத் தொடங்கியிருக்கும். வாசிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். பிறந்தநாள் விழாக்களில் மண்டபத்தின் ஓரக் கதிரைகளில் பெரியவர்களாக உட்கார்ந்திருப்பது இப்போது நாங்கள்தான். அப்படியொரு கதிரையில் பக்கத்தில் இருந்துகொண்டு, உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "உன்ரை அக்கா கணக்கிலை பெரிய கெட்டிக்காரி எண்டு கேள்விப்பட்டனான். பிறகேன் படிக்கேல்லை?"

பாட்டு காதைப் பிளந்துகொண்டிருந்தது. கேட்காதது போல் இருந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஆகவே இங்கே சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் முன்பு சுரங்கத் தொழிலாளர் தங்கிய ஒரு நீளக் கட்டடத்தை அகதிகளுக்கு விட்டிருந்தார்கள். அதை 'ஹைம்' என்போம். எங்கள் அறையின் இலக்கம் 31. இரண்டு இரும்புக் கட்டில், ஒரு மேசை, சுவரில் அம்மா ஒட்டிய மடு மாதா படம். சமையலறை தாழ்வாரத்தின் கோடியில், எல்லோருக்கும் பொது. அங்கே எப்போதும் யாருடையதோ கோவா இலையும் யாருடையதோ கருவாடும் ஒன்றாக மணக்கும். சன்னலைத் திறந்தால் சுரங்கக் கோபுரத்தின் சக்கரம் தெரியும். வெள்ளை உடுப்பை வெளியே காயப்போட்டால் கரித்தூள் படிந்து சாம்பல் நிறத்தில் திரும்பி வரும். அம்மா அதை மூக்கருகில் பிடித்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் தண்ணீரில் போடுவார்.

அண்ணா எங்களோடு வரவில்லை. சோதனை எழுதி முடியட்டும் என்று மன்னாரில் மாமா வீட்டில் அவரை விட்டுவிட்டு வந்தோம். சோதனை முடிந்ததும் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து இங்கே வருவது என்பது திட்டம். புறப்படும் நாளில் அவர் அக்காவுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது. "முதன்மை எண் எண்டால் ஒருத்தராலும் பங்குபோட ஏலாத எண். ஒண்டாலையும் தன்னாலையும் மட்டும்தான் அதைப் பிரிக்கலாம். நான் வரேக்கை உன்னட்டை எத்தினை இருக்கெண்டு கேப்பன்." அழுதுகொண்டிருந்தவளைத் தேற்றுவதற்காக அவர் சொன்ன விளையாட்டு அது. அக்கா அதை வேலையாக எடுத்துக்கொண்டாள்.

இங்கே மாதத்தில் ஒருநாள் சனங்கள் வேண்டாத தளபாடங்களைத் தெருவோரத்தில் வைப்பார்கள் அல்லவா, அந்த நாளுக்காக ஹைமில் எல்லோரும் காத்திருப்பார்கள். அப்பாவும் அடுத்த அறை மாமாவும் ஒரு அலுமாரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் லாச்சியை இழுத்தால் உள்ளே ஒரு கணிப்பான் கிடந்தது. மண்ணிற உறை. பற்றரி இல்லை, வெளிச்சம் பட்டால் வேலை செய்யும். அதன் சின்னச் சன்னலில் எட்டு இலக்கங்கள் மட்டும் தெரியும். எல்லாப் பொத்தானும் சரி, மூன்று மட்டும் பழுது. ஒருமுறை அமத்தினால் 3 என்று நிற்காது. 33 என்று ஓடும், சிலவேளை 3333.

எறிந்துவிட்டுப் போகவேண்டிய அந்தப் பழுதில்தான் அக்கா எதையோ கண்டாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னை மேசைக்கு இழுத்தாள்.

"எடி, எங்கடை அறை 31. அது முதன்மை எண். முன்னாலை ஒரு மூண்டு போட்டால் 331. அதுவும் முதன்மை எண். 3331 அதுவும். பாரன், எத்தினை மூண்டு போட்டாலும் உடையுதில்லை."

"எல்லாம் அப்பிடித்தானோ?"

"அதைத்தான் பாக்கப்போறம்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் அதைத்தான் பார்த்தோம். பெரிய எண்ணைக் கணிப்பானின் நினைவுப் பொத்தானுக்குள் போட்டு வைப்பாள். நான் வகுக்கும் எண்ணைச் சொல்வேன், அவள் அமத்துவாள். விடையில் புள்ளியும் அதற்குப் பின்னால் வாலும் இருந்தால் எண் தப்பிவிட்டது. வால் இல்லாமல் விடை வந்தால் எண் உடைந்துவிட்டது. வால் வராத நாள் வரவே இல்லை. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கணிப்பானின் எண்கள் மங்கிப் போகும். அக்கா மேசைமேல் கதிரை வைத்து ஏறி, குழல் விளக்குக்குக் கிட்டக் கணிப்பானைப் பிடிப்பாள். நான் கீழே நின்று எண் சொல்வேன். கை கடுத்தால் மாற்றிப் பிடிப்பாள். ஐந்து இலக்கம் முடிந்தது, ஆறு முடிந்தது, ஏழும் முடிந்தது. ஏழுக்கே நத்தார்ப் பண்டிகை வந்துவிட்டது.

நேர்த்திக்கடன் எப்போது தொடங்கியது என்று எனக்கு நிச்சயமாக ஞாபகமில்லை. அம்மா மடு மாதாவுக்குச் செபமாலை சொல்வதுபோல, அக்கா இந்த எண்களைச் சொல்லத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் கதிரையில் நின்றபடி, "இது கடைசி மட்டும் உடையாமல் நிண்டால் அண்ணா வந்து சேருவார்" என்றாள். என்னைக் கேட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு எண்ணையும் நானும் செபம்போலவே சொன்னேன்.

அந்தக் காலத்தில் வீட்டில் நடந்த வேறு சில விஷயங்கள் எனக்கு இப்போதுதான் விளங்குகின்றன. மார்கழித் தொடக்கத்தில் ஒரு பின்னேரம், ஹைமின் பொறுப்பாளர் வந்து அப்பாவைக் கீழே தொலைபேசிக்குக் கூப்பிட்டார். பாரிஸ் சித்தப்பா எடுத்திருந்தார். அப்பா திரும்பி வரக் கனநேரம் ஆனது. வந்தவர், "ஒண்டுமில்லை, சுகம் விசாரிச்சவன்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அதற்குப் பிறகு அம்மா நிறைய வெங்காயம் வாங்கத் தொடங்கினார். காலையும் வெங்காயம், பின்னேரமும் வெங்காயம். வெங்காயக் குழம்பு, வெங்காயச் சம்பல், வெங்காயத்தைப் பொரித்துச் சோற்றுக்கு மேல். கண்ணைத் துடைத்துக்கொண்டே வெட்டுவார். "ஏனம்மா ஒவ்வொரு நாளும் இது?" என்று கேட்டால், "மலிவாக் கிடக்கு பிள்ளை" என்பார். நாங்கள் நம்பினோம். இன்றைக்கும் வெங்காயம் வதங்கும் மணம் வந்தால் எனக்கு அந்தத் தாழ்வாரம் வந்து முன்னால் நிற்கும்.

இன்னொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளைச் சேட்டும் யாரோ கொடுத்த கறுப்புக் கோட்டும் போட்டு, எங்களைத் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழக்கமாக நாங்கள் பின்வரிசை வாங்கில் இருப்போம். அன்றைக்கு முன்னால் இருந்தோம். பூசையின் நடுவில் பாதர் ஒரு பெயரை வாசித்தார். நீளமான பெயர். ஜெர்மன் நாக்கில் அது கல்லுக் கல்லாக விழுந்தது. நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். அம்மா குனிந்தபடியே இருந்தார். அது யாருடைய பெயரென்று எங்களுக்குத் தெரியவில்லை. சொந்த அண்ணாவின் ஆத்துமாவுக்கு ஒப்புக்கொடுத்த பூசையில், அவர் பெயரைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம்.

எட்டு இலக்கம் தை மாதக் கடைசியில் முடிந்தது. 33333331. கணிப்பானின் சன்னலில் ஒரு இடமும் மிச்சமில்லாமல் நிறைந்து நின்றது. எத்தனை பின்னேரங்கள் அதற்குப் போயின என்று தெரியாது. எனக்குத் தொண்டை கட்டி, அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தது ஞாபகம் இருக்கிறது. கடைசி எண்ணும் வாலோடு வந்தபோது அக்கா கதிரையிலிருந்து குதித்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் உடம்பு சூடாக இருந்தது.

"முடிஞ்சுது என்ன?" என்றேன்.

அவள் கணிப்பானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெட்டிக்குள்ளை இடம் முடிஞ்சுது. கணக்கு முடியேல்லை. இன்னுமொரு மூண்டு போட்டால்?"

"வேண்டாம் அக்கா. இவ்வளவு காணும்."

"காணாது. எப்பவும் உடையாதெண்டு தெரியவேணும்."

அவள் அப்படித்தான். சந்தேகத்துக்கு இடம் வைத்து ஒன்றை நம்ப அவளுக்கு வராது. வேறு பிள்ளை என்றால் எட்டோடு நின்று, அண்ணா வருவார் என்று சந்தோஷமாக இருந்திருக்கும்.

ஒன்பது இலக்கம் பெட்டிக்குள் அடங்காது. ஆகவே அடுத்த ஞாயிறு, பூசையால் வந்த பிறகு, பேப்பர்ப் பையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பென்சிலால் வகுக்கத் தொடங்கினாள். மூன்றால் போகவில்லை. ஏழால் வகுத்தாள், இரண்டு மிஞ்சியது. பதினொன்று, பதின்மூன்று, இரண்டும் மிச்சம் விட்டன. நான் கட்டிலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். இதுவும் கோடை வரை போகும் என்றுதான் நினைத்தேன். பிறகு பதினேழு. பென்சில் சரசரவென்று போனது. நின்றது. திரும்ப முதலில் இருந்து போனது. திரும்பவும் நின்றது.

நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். அடியில் பூச்சியம்.

என் தேத்தண்ணி இன்னும் ஆறவில்லை. எட்டு இலக்கத்துக்கு எவ்வளவு பாடுபட்டோம். ஒன்பது இலக்கம் அந்த நேரத்துக்குள் உடைந்துவிட்டது.

அக்கா எழும்பித் தாழ்வாரத்தில் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். சமையலறையில் அம்மாவும் வேறு இரண்டு பெண்களும் நின்றார்கள். அம்மா பலகையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா கதவடியில் நின்று, சாதாரணமான குரலில் சொன்னாள்:

"அம்மா, அண்ணா வரமாட்டார்."

கத்தி பலகையில் நின்றது. அம்மா திரும்பினார்.

"உனக்கு ஆர் சொன்னது?"

அக்கா விளங்காமல் பார்த்தாள்.

"ஆர் பிள்ளை சொன்னது உனக்கு? அப்பாவோ? பக்கத்து அறையிலை சொன்னவையோ? நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே! ஐயோ, என்ரை மகன் கடலுக்கை போன கதை இந்தப் பிள்ளையளின்ரை காதிலை விழக்கூடாதெண்டு…"

அவர் நிலத்தில் இருந்துவிட்டார். தலையிலும் நெஞ்சிலும் அடித்துக்கொண்டு, அத்தனை கிழமையாக வெங்காயத்துக்குள் ஒளித்து வைத்திருந்த அழுகை முழுவதையும் அழுதார். மற்றப் பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். யாரோ அடுப்பை நிற்பாட்டினார்கள். அக்கா கதவடியிலேயே நின்றாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்பதும், அவள் சொன்னது கணக்கின் விடை என்பதும், அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா வந்து எல்லாவற்றையும் சொன்னார். கார்த்திகைக் கடைசியில் வள்ளம் புறப்பட்டது. கடல் கொந்தளிப்பாக இருந்தது. கரை சேர்ந்தவர்களில் அண்ணா இல்லை. "படிக்கிற பிள்ளையள், குழம்பிப்போவியள். விசாவுக்கு விசாரணை வேறை கிடக்கு. அதெல்லாம் முடியட்டும், உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தம்." சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். எனக்கும் ஒரு பிள்ளை பிறந்த பிறகு அந்த நினைப்பின் பாரம் விளங்கியது. ஆனால் நாங்கள் கணிப்பானை விளக்கில் பிடித்து அவருக்காகக் காத்திருந்த காலமெல்லாம் அவர் இல்லாமல் போயிருந்தார். அதை அக்காவால் விழுங்க முடியவில்லை.

கணிப்பான் என்ன ஆனது என்று கேட்பீர்கள். எண் பார்த்துத்தான் பிள்ளைக்கு அது தெரிந்தது என்று நான் உளறியதும், அம்மா பயந்துபோனார். பேய் பிசாசு ஏதோ அதற்குள் இருக்கிறதென்று துணியில் சுற்றிக் கொண்டுபோய் எங்கோ எறிந்துவிட்டார். எங்கே என்று கடைசிவரை சொல்லவில்லை.

அக்கா அழவில்லை. பேச்சைக் குறைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. வகுப்பு ஆசிரியை நல்ல மனுசி. பிள்ளைக்குப் பாஷை பிரச்சினையா, புத்தியிலா என்று தெரியவேண்டும் என்று ஒரு பரிசோதனைக்கு நாள் வைத்தார். எனக்கு ஜெர்மன் நன்றாக வந்துவிட்டதால், மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒருவர், மேசையில் படங்களையும் கட்டைகளையும் பரப்பி வைத்திருந்தார். அக்கா கட்டைகளைச் சரியாக அடுக்கினாள். பிறகு அவர் ஒரு அட்டையைக் காட்டினார். 2, 4, 6, 8. அதற்குப் பக்கத்தில் வெறும் கோடு.

"அடுத்தது என்ன வரும்?" என்றார்.

அக்கா அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பொறுமையாகத் திரும்பக் கேட்டார்.

"தெரியாது" என்றாள் அக்கா, ஜெர்மனில்.

"யோசித்துப் பார். கஷ்டமில்லை."

"யோசிச்சும் சொல்ல ஏலாது" என்று என்னிடம் தமிழில் சொன்னாள். "நாலு தரம் வந்தது அஞ்சாம் தரமும் வருமெண்டு இவருக்கு ஆர் சொன்னது?"

நான் அதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளை ஏதோ கூட்டிக் குறைத்து மொழிபெயர்க்கிறது என்று நினைத்திருப்பார். அடுத்த அட்டையை எடுத்தார். 5, 10, 15. அக்கா தலையை ஆட்டினாள். அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்னது அதே பதில்தான். அவர் ஒவ்வொரு முறையும் எதையோ எழுதினார்.

அவளை 'சொண்டர் ஷூலே'க்கு மாற்றினார்கள். புத்தி மந்தமான பிள்ளைகளுக்கென்று அந்தக் காலத்தில் இருந்த பள்ளிக்கூடம். அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது. எங்களுக்கு முதல் வந்த அடுத்த அறை மாமா விளக்கம் சொன்னார்: "சொண்டர் எண்டால் விசேசம். எல்லாருக்கும் கிடையாது. தெரிஞ்செடுத்த ஆக்களுக்குத்தான்." அப்பா அதைக் கேட்டு முகம் மலர்ந்தார். அண்ணா போன பிறகு அவர் முகத்தில் நான் கண்ட முதல் சந்தோஷம் அது. ஓடிப்போய் ஒரு பெரிய கேக் வாங்கி வந்து, தாழ்வாரத்தில் ஒவ்வொரு அறையாகத் தட்டிக் கொடுத்தார். "மூத்தவளுக்கு விசேசப் பள்ளிக்கூடம் கிடைச்சிருக்கு. இருந்தால் தமையனும் சந்தோசப்பட்டிருப்பான்." அக்கா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் பங்குக் கேக் மேசையில் காய்ந்துபோனது.

அப்பாவுக்கு உண்மை தெரிய இரண்டு வருடம் எடுத்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள் படிக்கும் ஜிம்னாசியம் என்ற பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கப் போனபோது, அங்கே ஒரு ஆசிரியர் அக்கா எங்கே படிக்கிறாள் என்று கேட்டார். அப்பா பெருமையோடு சொன்னார். ஆசிரியரின் முகம் மாறியதை நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் அக்காவின் பள்ளிக்கூடத்துக்குப் போனார், பிறகு வேறு எங்கெங்கோ போனார். இப்போது மாற்றினால் பிள்ளை இன்னும் பின்தங்கும் என்று எல்லோரும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர் சாகும்வரை வீட்டில் கேக் வாங்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் முடித்தவளுக்கு அவள் விரும்பிய தொழிற்பயிற்சி ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். நீராவியில் கட்டில் விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தாள். கலியாணம் செய்தாள், பிரிந்தாள். முதுகு போய்விட்டது. கோபக்காரி இல்லை. சிரிப்பாள்கூட. என் மகளைத் தூக்கி வளர்த்தவளே அவள்தான்.

அந்த மகள் இப்போது கார்ஹிங் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறாள். போன கோடையில் விடுமுறைக்கு வந்தவள், மேசையில் பெரியம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். முதல் வருடத்தில் பேராசிரியர் ஒரு எச்சரிக்கையாக ஒரு எண் வரிசையைக் கரும்பலகையில் எழுதினாராம். 31, 331, 3331 என்று. எட்டு இலக்கம் வரை முதன்மை எண், ஒன்பதில் உடையும். ஏழு தரம் சரிவந்ததை வைத்து எட்டாம் தரத்தை நம்பக்கூடாது என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணமாம். "கனபேருக்குத் தெரிஞ்ச விசயம், அம்மா" என்றாள் என்னைப் பார்த்து. நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அக்கா அவளைக் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "பதினேழாலை" என்று மட்டும் சொன்னாள்.

மகள் வியந்துபோனாள். "எப்பிடி பெரியம்மா உங்களுக்குத் தெரியும்?"

"முந்தி ஒருக்கால் வகுத்துப் பாத்தனான்."

"ஆனால் பெரியம்மா, அதோடை முடியேல்லை. பதினெட்டு இலக்கத்திலை திரும்பவும் ஒண்டு முதன்மை எண்ணா வருது. பிறகும் தூரத்திலை வரும்."

அக்காவின் முகத்தில் ஒரு கணம் பன்னிரண்டு வயது வந்து போனது. பிறகு கேட்டாள்: "இடையிலை கிடக்கிறதெல்லாம்?"

"அதெல்லாம் உடைஞ்சதுதான்."

"ம்" என்றாள் அக்கா. எழும்பிக் கோப்பைகளைக் கழுவப் போனாள். மகள் என்னிடம், தான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அம்மா இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். எங்களில் யார் மூத்தவள், யார் இளையவள் என்பதும் அவருக்குத் தெரிவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில், இல்லத்துக் கோவில் மணி அடித்ததும், ஒரே கேள்வியைக் கேட்பார். முதலில் நான் உண்மையைச் சொல்லப் பார்த்தேன். சொன்னதும் அவர் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டதுபோல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். தாதிமார் ஓடி வந்தார்கள். அடுத்த ஞாயிறு மணி அடித்ததும், அக்கா என்னைத் தள்ளிவிட்டுக் கட்டிலின் விளிம்பில் இருந்தாள்.

"தம்பி வந்திட்டானோ பிள்ளை?" என்று அம்மா கேட்டார். மகனை அப்படித்தான் கூப்பிடுவார்.

"வள்ளம் வெளிக்கிட்டிட்டுதாம் அம்மா" என்றாள் அக்கா. "கடலும் அமைதியாத்தான் கிடக்காம். நீங்கள் சாப்பிடுங்கோ."

அம்மா வாயைத் திறந்தார். அக்கா கரண்டியால் கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தாள்.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது நான் கேட்டேன், உன்னால் எப்படி இதைச் சொல்ல முடிந்தது என்று. உனக்கு அவர்கள் ஒளித்ததை நீ ஒருநாளும் மன்னிக்கவில்லையே என்று.

அவள் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

"மன்னிக்கேல்லைத்தான்" என்றாள். "அதுக்காக ஒவ்வொரு ஞாயிறும் அவவுக்கு அவரைச் சாகக்குடுக்க என்னாலை ஏலாது."

பேருந்து வந்தது. முதுகு நோவால் அவளால் படியில் ஏற முடியவில்லை. கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள்.